சமரசங்கள் கணக்கில் வராது

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட பிறகு மழுப்புவதைவிட அது நல்லது.

நானுஓயா ரயில் நிலையத்தில் கிடைத்தது. கொழும்பு ரயில் பிந்தியிருந்தது. என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் விஜிதரன். பள்ளியில் ஒன்றாகப் படித்தவன், இப்போது வெளிநாட்டில் சட்டத்தரணி. குளிருக்கு இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு தன் தொழிலைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க சும்மா லோயர்னு சொன்னா பத்தாதுடா. இந்தத் துறையில நான் தேர்ந்தவன்னு தனியா ஒரு சான்று வாங்கணும். பரீட்சை வைப்பாங்க, கூப்பிட்டுவச்சுக் கேள்வி கேப்பாங்க, நடத்துன கேஸையெல்லாம் காட்டச் சொல்வாங்க. அதுக்கப்புறந்தான் போர்டுல போட்டுக்கலாம்."

"நல்லதுதானே? சனங்க ஏமாற மாட்டாங்க."

"நல்லதுதான்," என்றான். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னான்: "ஆனா அந்தச் சான்று வேணும்னு ஆசை வந்துட்டா, கேஸைப் பாக்குற கண்ணு மாறிடுது."

அவன் போய்விட்டான். கடைசியாகச் சொன்னது மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அப்படியொரு சான்று நம் மலைநாட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் நுவரெலியா திரும்பினேன்.

ஆகவே இதில் வரும் சான்று நான் உண்டாக்கியது. அதை வழங்கும் சபையும் என் கற்பனை. விதிகளையும் நானே எழுதினேன். தொழிற்சட்டத்தில் தேர்ந்தவர் என்று பெயர் பெற விரும்புகிறவர் எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும். நேர்முக விசாரணைக்குப் போக வேண்டும். மூன்று வழக்குகளையாவது கடைசிவரை நடத்தி, காரணங்கள் விளக்கிய கட்டளை பெற்றிருக்க வேண்டும். சமரசத்தில் முடிந்த வழக்குகள் கணக்கில் வராது.

[அந்தக் கடைசி விதி, எழுதும்போது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் தலையாட்டி முடித்த வழக்கில் சட்டத்தரணியின் திறமையை எங்கே போய்த் தேடுவது?]

2

தொடக்கங்கள்.

(அ) ஹட்டன் நகரத்தின் மேல் மூடுபனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல— விட்டுவிட்டேன். மலையகக் கதை மூடுபனியில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அன்று வெயில் சுள்ளென்று அடித்தது.

(ஆ) ஜீவராணி நேர்மையான பெண். இதையும் அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டால் மீதிக் கதைக்கு வேலையில்லை. அது உண்மையா என்று எனக்கே உறுதியாகத் தெரியவும் இல்லை.

(இ) ஜீவராணி நாற்பதைத் தாண்டிய சட்டத்தரணி. லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள். ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். தோட்டத்தில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள், தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் முதலில் அவளுடைய படிக்கட்டைத்தான் ஏறுவார்கள். அவள் பெரும்பாலான வழக்குகளைச் சமரசத்தில் முடித்துவிடுவாள். வேலை போனவர்களால் வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். எதிர்த்தரப்பு எந்த இடத்தில் இறங்கி வரும் என்பதும் தெரியும். அது ஒரு திறமை. ஆனால் அந்தத் திறமைக்கு நான் எழுதிய விதிகளில் இடமில்லை.

இந்தத் தொடக்கத்தையே வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு அந்தச் சான்று ஏன் வேண்டும்? பேராசை என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. சான்று வந்த பிறகு தொழிற்சங்கங்கள் வழக்குகளைக் கண்டியிலிருந்து வரும் 'தேர்ந்த' சட்டத்தரணிகளிடம் கொடுக்கத் தொடங்கின. படிக்கட்டு ஏறி வருகிறவர்கள்கூட, "ஒங்களுக்கு அந்த சர்ட்டிபிகேட் இருக்கா மிஸ்?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சங்கடத்தோடு செருப்பைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் அவர்களுக்காகவே வாதாடியவளுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்? பரீட்சைக்குப் படித்தாள், தேறினாள். கடைசிவரை நடத்திய வழக்குகள்தான் அவளிடம் இரண்டே இருந்தன.

மூன்றாவதாக நாகலெட்சுமி வந்தாள்.

3

நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். ஜீவராணியைவிடப் பத்து வயதாவது மூத்தவள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அவளுடைய பையைக் கவிழ்த்துக் கொட்டி, முற்றல் இலை என்று கத்தியிருக்கிறார். அவள் பையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவர் பின்பக்கமாக வடிகால் கானுக்குள் விழுந்து கை முறிந்தது. தள்ளிவிட்டாள் என்று தோட்ட நிர்வாகம் அவளை வேலையிலிருந்து நிறுத்தியது.

"நான் தள்ளலங்க மிஸ். அவரே வழுக்கி விழுந்தாரு. அன்னிக்குக் காலையில மழ பேஞ்சு தரையெல்லாம் சேறு," என்றாள் முதல் நாள்.

"பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா அக்கா?"

"எல்லாரும் பாத்தாங்க. யாரும் பாக்கலன்னு சொல்றாங்க."

வேலை போனதைவிடப் பெரிய பயம் அவளுக்கு வேறொன்று இருந்தது. லயத்துக் காம்பரா, அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை. கணவர் பொன்னையா பல வருடம் தோட்டத்துக்குப் புல்மருந்து, அதாவது களைக்கொல்லி, அடித்தவர். நெஞ்சுக் கோளாறு. வாசலிலிருந்து தண்ணீர்ப் பைப்படிக்குப் போய் வருவதற்குள் இரண்டு தடவை நிற்பார். அவர்கள் வீட்டில் தோட்டத்துப் பேர்ப்பட்டியலில் இருந்தவள் நாகலெட்சுமி மட்டுந்தான். அவள் தொழிலாளி இல்லையென்றால் காம்பராவும் இல்லை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

[நாகலெட்சுமி உண்மையிலேயே தள்ளினாளா? எனக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது வாசகர்கள் நமக்குத் தரும் இலவசக் கௌரவம். அந்த நிறுக்கிற இடத்தில் நானும் நின்று பார்த்தேன். பை இழுபட்டது தெரிந்தது, அவர் விழுந்தது தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை முன்னால் நின்ற ஒருத்தியின் முதுகு மறைத்துவிட்டது.]

4

வழக்கு ஆரம்பித்து இரண்டாவது தவணை, அதாவது இரண்டாவது விசாரணை நாள். நியாய சபைத் தாழ்வாரத்தில் தோட்டத் தரப்புச் சட்டத்தரணி ஆரூரன் ஜீவராணியைத் தனியாகக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் தொழில் செய்கிறவர். சான்று பெற்ற முதல் தொகுதியில் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. அவரைக் கெட்டவராக்கினால் கதை எளிதாகிவிடும் என்பதால் அந்த வசதியை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஜீவராணி, இதை இழுக்க வேண்டாம். என்ர ஆக்கள் இறங்கி வந்திட்டினம்," என்றார்.

"என்ன சொல்றாங்க?"

"வேலையால நிப்பாட்டினது எண்டு இருக்காது. தானா விலகினது எண்டு போடுவம். சேவைக்கால உரித்தெல்லாம் வரும். அதைவிட முக்கியம், அவையள் ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் அந்த அறையில இருக்கலாம். கூரை திருத்தமும் எங்கட செலவு. அவ நடந்ததுக்கு வருத்தம் தெரிவிக்க வேணும். ஒரு வரி. அவ்வளவுதான்."

"ஏன் இறங்கி வர்றீங்க?"

ஆரூரன் சிரித்தார். "உங்களுக்குத் தெரியுந்தானே. கணக்கப்பிள்ளையை நீங்கள் குறுக்கு விசாரணை செய்தால் அந்தாள் தாங்காது. நீங்கள் வெல்லலாம். ஆனா எப்ப வெல்லுவீங்கள் எண்டதையும் யோசியுங்கோ. அவவிட்ட எடுத்துச் சொல்லுங்கோ."

நல்ல இணக்கம். வேறெந்த வருடமாக இருந்தாலும் ஜீவராணி அன்றைக்கே முடித்துக் கொடுத்திருப்பாள்.

அடுத்த காட்சியை நான் மூன்று முறை எழுதினேன். நியாய சபைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடை. மேசைக்கு இந்தப் பக்கம் ஜீவராணி, அந்தப் பக்கம் நாகலெட்சுமி.

முதல் முறை: "அக்கா, ஒண்ணு மறைக்காம சொல்றேன். எனக்கு ஒரு சான்று வேணும், அதுக்கு ஒரு முழு கேஸ் வேணும்—" அடித்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டியவள்தான். சொல்லவில்லை.

இரண்டாம் முறை: "வாங்கிக்குங்க அக்கா" என்கிறாள். நாகலெட்சுமி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறாள். பொன்னையா போர்வையை விலக்கி, "முடிஞ்சிருச்சா?" என்கிறார். "முடிஞ்சிருச்சு," என்கிறாள். அடுப்பில் உலை வைக்கிறாள். அத்துடன் கதை முடிகிறது. இந்த வடிவம் எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கிழித்துப் போடவில்லை.

மூன்றாம் முறை எழுதியதுதான் நடந்தது.

ஜீவராணி எல்லாவற்றையும் சொன்னாள். காம்பராவைச் சொன்னாள், கூரையைச் சொன்னாள், வருத்தம் தெரிவிக்கிற வரியையும் சொன்னாள். எதையும் ஒளிக்கவில்லை. நாகலெட்சுமி பிளேன்டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிப் பிடித்துக் கைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.

"வருத்தம்னா, தள்ளுனேன்னு ஒத்துக்கிறதுதானே மிஸ்?"

"அப்படிப் போட மாட்டாங்க. ஆனா படிக்கிறவங்க அப்படித்தான் நெனைப்பாங்க."

"கேஸை நடத்துனா?"

"மறுபடி வேல கெடைக்கலாம். பேரும் சுத்தமாகும். ஆனா நாளாகும் அக்கா."

நாகலெட்சுமி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் வெளங்காது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

கடைக்குள் யாரோ ரேடியோவைத் திருகினார்கள். பாட்டு வந்து, போய், இரைச்சலானது.

"ஜெயிக்கலாம்," என்றாள் ஜீவராணி.

பொய்யில்லை. ஆரூரனே அதைத்தான் சொன்னார். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

"அப்ப நடத்துங்க மிஸ்," என்றாள் நாகலெட்சுமி. "லயத்துல எல்லாரும் என்னைய அடிகாரின்னு பேசுறாங்க. தள்ளலன்னு யாராச்சும் எழுதிக் குடுக்கணும்."

[இங்கே வாசகர் ஒருவர் கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. முடிவெடுத்தது நாகலெட்சுமிதானே? ஆமாம், அவள்தான். ஜீவராணியும் பிறகு பல நாள் இதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.]

5

இனி வருவதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் எனக்கே தாங்காது.

தவணைக்கு மேல் தவணை போனது. கணக்கப்பிள்ளைக்குச் சுகமில்லை என்றார்கள், தோட்டத்துத் துரை மாறிப்போய்விட்டார் என்றார்கள், மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்றார்கள். வழக்கு நடக்கும்வரை காம்பராவிலிருந்து யாரும் கிளப்பவில்லை. வெறுமனே விட்டுவிட்டார்கள். வைகாசிக் காற்றில் அந்த லயத்தின் தகரங்கள் பெயர்ந்தபோது நிர்வாகம் மற்றவர்களுக்குப் புதுத் தகரம் கொடுத்தது. நாகலெட்சுமி பெயர் தொழிலாளர் பட்டியலில் இல்லை என்றார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பொலித்தீன் கட்டிக் கொடுத்தார்கள். அது காற்றில் இரவும் பகலும் படபடத்தது.

ஜீவராணி நிர்வாகத்துக்கு எழுதினாள். ஆரூரனிடம் கேட்டாள். "நான் சொல்லிப் பாக்கிறன்," என்றார். சொல்லித்தான் இருப்பார். தகரம் வரவில்லை. அவளே தகரம் வாங்கி லொறியில் அனுப்பினாள். அனுமதியில்லாமல் லயத்துக் கூரையில் கை வைக்கக் கூடாதென்று லொறியைத் தோட்ட வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

ஒரு தடவை அவள் நேரில் போனாள். பொன்னையா கட்டிலை நனையாத மூலைக்கு நகர்த்தி, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே."

"நம்ம கேஸு நல்லாப் போகுதுன்னு இவ சொல்றா," என்றார், மூச்சுக்கு நடுவில். "நீங்க இருக்கீங்க. பயமில்ல."

ஆடி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம் ஆட்டோவில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியில் நாகலெட்சுமியின் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார். ஆட்டோக்காரருக்குத் தெரியாது, அவர் வேகமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். நாகலெட்சுமியும் சொல்லவில்லை.

[பொன்னையாவை உயிரோடு வைத்திருக்க முடியாதா என்று பார்த்தேன். கூரை நன்றாக இருந்திருந்தாலும் அந்த நெஞ்சு அந்த மழையைத் தாங்கியிருக்குமா என்று வைத்தியர் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதுதான் ஜீவராணியைத் தூங்கவிடவில்லை.]

6

மாரிக்கு முன் கட்டளை வந்தது. ஜீவராணி வென்றாள்.

கணக்கப்பிள்ளை குறுக்கு விசாரணையில் மூன்று விதமாகச் சொன்னார். நாகலெட்சுமியை மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி சபை கட்டளையிட்டது. காரணங்கள் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட, சான்றுக்கு அனுப்பத் தோதான கட்டளை. தாழ்வாரத்தில் ஆரூரன் கை கொடுத்தார். "அருமையா நடத்தினீங்கள். மேன்முறையீடு செய்யச் சொல்லியிருக்கினம், என்ன செய்யிறது," என்றார். மேல் நீதிமன்றத்தில் முடிவு வரும்வரை வேலை கிடைக்காது என்பது அதன் பொருள்.

நாகலெட்சுமி வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஜெயிச்சிட்டோம் அக்கா."

"தள்ளலன்னு போட்டிருக்காங்களா?"

ஜீவராணி அந்தப் பக்கத்தைத் தமிழில் சொன்னாள். "தள்ளியதாக நிரூபிக்கப்படவில்லைன்னு போட்டிருக்கு."

நாகலெட்சுமி அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப, தள்ளலன்னு போடல."

"சட்டத்துல அப்படித்தான் அக்கா எழுதுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா மிஸ்?" என்றாள். சேலை முந்தானையை உதறி எழுந்து பஸ்ஸுக்குப் போனாள்.

(இந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியம் தேவை. சட்டத்தின் மொழிக்கும் மனிதரின்— வேண்டாம். அவள் பஸ்ஸுக்குப் போனாள். அது போதும்.)

7

மூன்று கட்டளைகளையும் இணைத்து ஜீவராணி விண்ணப்பத்தை அனுப்பினாள். கொழும்புக்கு நேர்முக விசாரணைக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமியைப் பார்க்க லிந்துலைக்குப் பஸ் ஏறினாள்.

அவளை அங்கே போகச் சொன்னது நான் இல்லை. என் திட்டத்தில் அவள் நேராகக் கொழும்புக்குப் போவதாகத்தான் இருந்தது.

நாகலெட்சுமி பக்கத்து மரக்கறித் தோட்டமொன்றில் கூலிக்கு லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நகங்களில் கறுப்பு மண். வாசலில் நின்றபடியே ஜீவராணி எல்லாவற்றையும் சொன்னாள். சான்றைப் பற்றி, மூன்று வழக்குக் கணக்கைப் பற்றி, தேநீர்க் கடையில் தான் சொல்லாமல் விட்டதைப் பற்றி. சொல்லி முடிக்கும்வரை நாகலெட்சுமி வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் கைகளைத் தேய்த்தாள்.

"அன்னிக்கு அது ஒங்க மனசுல இருந்துச்சா?"

"இருந்துச்சு அக்கா."

"அது இல்லாம இருந்திருந்தா? அப்பவும் ஜெயிக்கலாம்னுதான் சொல்லியிருப்பீங்களா, இல்ல வாங்கிக்கன்னு சொல்லியிருப்பீங்களா?"

ஜீவராணி தலையைக் குனிந்தாள். நீதிமன்றத்தில் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

"தெரியலக்கா. சத்தியமா தெரியல."

நாகலெட்சுமி அழவில்லை, ஏசவில்லை. வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு ஒங்களவிட்டா மேல் கோர்ட்டுக்கு வேற ஆளு கெடையாது. அதனால ஒங்கள வேணாங்கல. ஆனா இந்த வாசலுக்கு, அந்தப் பதில் தெரிஞ்சப்புறம் வாங்க," என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. ஓங்கிச் சாத்தவில்லை. குளிருக்குச் சாத்துவதைப் போலத்தான் சாத்தினாள்.

8

முடிவுகள்.

ஒன்று: ஜீவராணி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் மனச்சாட்சி கழுவிவிட்டதுபோல் ஆகிறது. நாகலெட்சுமிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. கண்டியிலிருந்து வரும் தேர்ந்தவர்களுக்கு எதிரே, சான்றில்லாத ஒருத்தி அவளுக்காக மேல் நீதிமன்றத்தில் நிற்கிறாள்.

இரண்டு: சான்று கிடைக்கிறது, மேன்முறையீட்டிலும் வெல்கிறாள், நாகலெட்சுமி மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாள். இதையும் எழுதிப் பார்த்தேன். சாயங்காலம் அவள் திரும்பி வரும் காம்பராவில் யாரும் இல்லை. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மூன்றாவது முடிவில் பாதிவரைதான் வந்திருக்கிறேன். அது இப்படிப் போகிறது.

கொழும்பில் ஒரு மாடி அறை. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருப்பவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் நாகலெட்சுமியின் வழக்கேட்டைப் பொறுமையாகப் படித்திருக்கிறார். "மிகச் சிறந்த குறுக்கு விசாரணை," என்கிறார். மற்ற இருவரும் ஆமோதிக்கிறார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார்.

"இரண்டாவது தவணையில் ஒரு சமரச யோசனை வந்து நிராகரிக்கப்பட்டதாக இதில் இருக்கிறது. நல்ல யோசனையாகத் தெரிகிறது. உங்கள் கட்சிக்காரருக்கு நீங்கள் என்ன ஆலோசனை சொன்னீர்கள்?"

சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு வழிகளையும் விளக்கினேன், கட்சிக்காரரின் விருப்பப்படி நடந்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைச் சொன்னால் சான்று கிடைக்கும். மேல் நீதிமன்றத்தில் நாகலெட்சுமிக்காக அவள் பேசும்போது அவள் பேச்சுக்கு எடை இருக்கும். லயத்து வாசலில் சொன்னதை இங்கேயும் சொன்னால் சான்று போகும். அதோடு நாகலெட்சுமியின் வழக்கும் கொஞ்சம் பலம் இழக்கும். ஜீவராணி உண்மை பேசுவதன் செலவையும் நாகலெட்சுமிதான் ஏற்க வேண்டியிருக்கிறது.

பல நாளாக இந்த இடத்திலேயே நிற்கிறேன். அவள் வாயில் எந்தப் பதிலை வைத்தாலும் அது என் பதிலாகிவிடுகிறது. அதனால் இதை எழுதி முடிக்கப்போவதில்லை. மேற்கொண்டு என்ன என்பது உங்களிடம்.

ஜீவராணி தண்ணீர் கிளாஸைத் தள்ளி வைக்கிறாள். முதுகை நிமிர்த்துகிறாள். "ஐயா," என்று தொடங்குகிறாள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேரும் காத்திருக்கிறார்கள்.